ஒன்று வர வேண்டிய இடத்தில் வந்த எண்

போன வாரம் நந்தினி கூப்பிட்டாள். நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஆய்வகத்தில் சேர்ந்த பெண். இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

“மேடம், பெரிய எண்ணை வச்சுப் பூட்டுறதையெல்லாம் மூட்டை கட்டப் போறோம். இனிமே வர்ற மெஷினுக்கெல்லாம் புது முறையிலதான் பூட்டு போடணும்னு சொல்லிட்டாங்க. அதுக்கு முன்னாடி நீங்க பார்த்ததை எழுதிக் குடுங்க. இங்க புதுசா வந்தவங்களுக்கு மதகுப் பெட்டி கதை அரைகுறையாத்தான் தெரியுது. ஒருத்தன் நீங்க அடையாத்துல குதிச்சு மதகை மூடினீங்கன்னு சொல்லிட்டுத் திரியறான்.”

நான் ஆற்றில் குதிக்கவில்லை. சாந்தோமில் கடலைப் பார்த்தபடி வளர்ந்தும் எனக்கு நீச்சல் தெரியாது. நான் செய்தது ஒரு மீப்பெரு பொது வகுத்தி. இரண்டு எண்களையும் மீதியின்றி வகுக்கும் மிகப் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கும், பள்ளிக்கூடத்தில் எல்லோரும் போட்ட கணக்குதான். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமில்லை. ஆகவே எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஆய்வகம் அடையாறில், மரங்கள் அடர்ந்த ஒரு தெருவில் இருந்தது. ரகசியம் காக்க வேண்டிய கருவிகளை, அவை புழக்கத்துக்குப் போகும் முன் எங்களிடம் கொண்டுவருவார்கள். அந்தக் கருவிகளின் பூட்டு ஒரு பெரிய எண். அறுநூறு இலக்கங்களுக்கு மேல் போகும். அது எப்படிப் பிறக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தன்னாலும் ஒன்றாலும் தவிர வேறெதாலும் வகுபடாத பகா எண்கள் இரண்டைக் கருவி தனக்குள்ளேயே தேடிக்கொள்ளும். ஒவ்வொன்றும் முந்நூறு இலக்கங்களுக்கு மேல். இரண்டையும் பெருக்கி, பெருக்கற்பலனை மட்டும் ஊருக்கெல்லாம் காட்டும். பெருக்க ஒரு கண்ணிமைப்பு போதும். பெருக்கற்பலனை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு பகா எண்களைத் திரும்ப எடுக்க, உலகத்திலுள்ள கணினிகளையெல்லாம் சேர்த்து ஓட்டினாலும் நம் ஆயுளில் முடியாது. பூட்டின் பலம் இந்த ஒன்றில்தான் இருக்கிறது. எண் சரியாகப் பிறந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை.

கணிதத்தில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, ஒரு கல்லூரியில் கொஞ்ச காலம் பாடம் நடத்திவிட்டு, தேர்வு எழுதி இந்த வேலைக்கு வந்தேன். என் மேலதிகாரி வரதராஜன் சார். மயிலாப்பூர்க்காரர். மாட வீதியில் வீடு. அரைக்கைச் சட்டை, எப்போதும் கூர் சீவிய பென்சில். நான் சேர்ந்த அன்று அவர் ஒரு தாள் முழுக்க நிரம்பிய எண்ணை என் முன் வைத்தார்.

“இதப் பத்தி என்ன சொல்ல முடியும், சொல்லு பார்ப்போம்.”

முதலில் கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். பிறகு சொன்னேன். ஒற்றைப்படை எண். ஐந்தால் வகுபடாது. இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தேன், மூன்றாலும் வகுபடாது. கடைசியாக, “இது பகா எண் இல்லேன்னு தோணுது சார்” என்றேன்.

முன்னால் சொன்ன மூன்றுக்கும் தலையை ஆட்டியவர், கடைசி வாக்கியத்துக்கு மட்டும் பென்சிலால் காற்றில் ஒரு கோடு கிழித்தார்.

“தெரிஞ்சது ஒரு பக்கம், தோணறது ஒரு பக்கம். நடுவுல ஒரு கோடு போட்டுண்டு எழுது. தோணறதெல்லாம் வேண்டாம்னு சொல்லலே. கோட்டைத் தாண்டி வந்துடப்படாது, அவ்வளவுதான்.”

அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. தப்பு என்ற சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டதும் இல்லை. எந்த முடிவைக் கொண்டுபோய் நீட்டினாலும் அவர் கேட்பது ஒன்றுதான்: “இன்னொரு வழியிலயும் வந்துதா?” ஒரு கணினி நிரலில் வந்த விடையை வேறொருவர் எழுதிய நிரலில் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். வகுத்து வந்ததைப் பெருக்கிப் பார்த்திருக்க வேண்டும். அச்செடுத்த எண்ணை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் திரையைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். அறுநூறு இலக்கங்களையும் அப்படிப் படிப்போம். அவர் படித்தால் மும்மூன்றாகப் பிரித்து, ஒரே சுருதியில், மூச்சு எங்கே விடுகிறார் என்று தெரியாமல் படிப்பார். பக்கத்து அறைக்காரர்கள் சில நாள் கதவருகே நின்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

என் முதல் வெற்றி சுலபமாக வந்தது. ஒரு நிறுவனம் அலுவலகக் கதவுகளுக்கான பூட்டுக் கருவி ஒன்றைக் கொண்டுவந்தது. எண் நீளமாக, அழகாக இருந்தது. நான் அதன் வர்க்கமூலத்தை எடுத்து, அதற்கு அடுத்த முழு எண்ணை வர்க்கப்படுத்தி, அதிலிருந்து கருவியின் எண்ணைக் கழித்தேன். மீதியாக நின்றது ஒரு முழு வர்க்கம்.

சின்ன எண்ணில் சொன்னால் புரியும். 2491 என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் வர்க்கமூலம் ஐம்பதுக்குக் கொஞ்சம் கீழே. ஐம்பதின் வர்க்கம் 2500. கழித்தால் 9, அதாவது மூன்றின் வர்க்கம். ஐம்பதில் மூன்றைக் கழித்தால் 47, கூட்டினால் 53. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், 2491 வரும். a² − b² சூத்திரம்தான். இரண்டு பகா எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இப்படி அகப்பட்டுக்கொள்ளும். அந்த நிறுவனத்தார் ஒரு பகா எண்ணைக் கண்டுபிடித்துவிட்டு, அலுப்பில் அதற்கு அடுத்த பகா எண்ணையே இரண்டாவதாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு உட்கார்ந்தவள், காபி வருவதற்குள் முடித்துவிட்டேன். கருவியைக் கொண்டுவந்த பொறியாளர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “மேடம், இது எங்க பையன் ஒன்பதாவதுல படிக்கிறதாச்சே” என்றார். முகம் வாடினாலும், சிரிக்கத் தெரிந்த மனிதர்.

இனி மதகுப் பெட்டி.

நகரைச் சுற்றியுள்ள ஏரிகளிலும் கால்வாய்களிலும் இருக்கும் மதகுகளைத் தூரத்திலிருந்தே திறக்கவும் மூடவும் ஒரு தனியார் நிறுவனம் பெட்டி செய்திருந்தது. மதகுக்கு ஒரு பெட்டி. மொத்தம் சில நூறு. ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனிப் பெரிய எண். கட்டுப்பாட்டு அறை, அந்தப் பெட்டியின் எண்ணால் பூட்டி ஒரு ரகசியச் சொல்லை அனுப்பும். பெட்டி தன்னிடமுள்ள இரண்டு பகா எண்களால் அதைத் திறந்து படிக்கும். பிறகு அந்தச் சொல்லோடு வரும் கட்டளைக்கு மட்டும் பணியும். மழைக்காலம் தொடங்கும் முன் பெட்டிகளை மாட்டிவிட வேண்டும் என்று எல்லோருக்கும் அவசரம்.

சோதனைக்கு ஆறேழு பெட்டிகள் வந்தன. நான் என்னென்ன தெரியுமோ அத்தனையும் செய்து பார்த்தேன். நீளம் சரி. பகா எண்கள் அருகருகே இல்லை. சிறிய வகுத்தி எதுவும் இல்லை. பகா எண்கள் பகா எண்களே. ஒவ்வொரு எண்ணையும் தனியாக எடுத்துப் பார்த்தால் குறை சொல்ல இடமே இல்லை. அறிக்கை தயாராகிவிட்டது. கையெழுத்துதான் பாக்கி.

அன்று சாயங்காலம் ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் குடியிருப்பில் கரண்ட் போய் வந்தது. அதே கட்டடத்தின் கீழ்வீட்டில் என் தம்பி அந்தோணி இருந்தான். பட்டினப்பாக்கத்தில் ஐஸ் வியாபாரம். கரண்ட் வந்ததும் மாடிப்படியில் அவன் குரல் கேட்டது.

“இன்னாக்கா, உன் வூட்டு மைக்ரோவேவும் பன்னெண்டு தான் காட்டுதா?”

“ஆமாடா. ஏன்?”

“நம்ம வூட்லயும் அதே பன்னெண்டு. எதிர்வூட்டு நாயுடு வூட்லயும் பன்னெண்டு. மணி இன்னா ஆவுதுன்னு ஒண்ணுத்துக்கும் தெரியல பாரு. எல்லாம் இப்பத்தான் பொறந்த மாதிரி முழிச்சிக்கினு கீது.”

நான் தோசைக்கல்லை அடுப்பிலேயே விட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பெட்டி பகா எண்ணைத் தேடுவது எப்போது? முதன்முதலாக மின்சாரம் கொடுத்த உடனே. எங்கிருந்து தேடத் தொடங்க வேண்டும் என்பதற்கு அதற்கு ஏதாவது ஒரு கலைசல் வேண்டும். யாரும் ஊகிக்க முடியாத ஒரு தொடக்கம். மனிதர் கை படும் கணினியில் விசைப்பலகையைத் தட்டும் வேகம், சுட்டியின் அசைவு என்று எத்தனையோ உண்டு. மதகுப் பெட்டிக்கு விசைப்பலகை இல்லை. கடிகாரத்துக்கு உள்ளே பேட்டரியும் இல்லை என்பதை நானே பிரித்துப் பார்த்திருக்கிறேன். அப்படியானால் கண் விழிக்கும் நொடியில் எல்லாப் பெட்டிக்கும் மணி பன்னிரண்டு. ஒரே இடத்திலிருந்து தேடத் தொடங்கும் இரண்டு பெட்டிகள் ஒரே பகா எண்ணைத்தான் முதலில் கண்டுபிடிக்கும். தேடிக்கொண்டிருக்கும்போது ஒன்று மற்றொன்றைவிட இம்மியளவு முந்தும் அல்லது பிந்தும். அதனால் இரண்டாவது பகா எண் வேறாகிவிடும். பெருக்கினால் வருவது இரண்டு வெவ்வேறு எண்கள். தனித்தனியே பார்த்தால் இரண்டும் குறையற்றவை. அருகருகே வைத்தால்தான் வண்டவாளம் தெரியும்.

இதெல்லாம் கோட்டுக்கு அந்தப் பக்கம், தோன்றுவது மட்டுமே. காலையில் வரதராஜன் சாரிடம் அப்படியே சொன்னேன்.

“என்ன வேணும் உனக்கு?” என்றார்.

“செஞ்சு வச்சிருக்கிற எல்லாப் பெட்டியோட எண்ணும் வேணும் சார். ரகசியம் எதுவும் கேக்கல. வெளிய காட்டுற எண்தான்.”

பெட்டி செய்த நிறுவனத்தின் மேலாளர் பாஸ்கர் தொலைபேசியில் முதலில் மறுத்தார். சாம்பிளைத்தான் சோதிக்க வேண்டும், அதுதானே விதி என்றார். சார் தொலைபேசியை வாங்கினார். “நீங்க சொல்றது ரொம்ப சரி, பாஸ்கர். விதி அப்படித்தான் இருக்கு. விதியை நான் மீறலே. நீங்களா அனுப்பினா வாங்கிக்கறோம். அனுப்பலேன்னா, கேட்டோம், வரலேன்னு அறிக்கையில ஒரு வரி எழுதிடறேன்” என்று குரல் உயர்த்தாமல் சொல்லிவிட்டு வைத்தார். மாலைக்குள் எண்கள் எல்லாம் வந்து சேர்ந்தன.

இரண்டிரண்டாக எடுத்து மீப்பெரு பொது வகுத்தி கண்டுபிடிக்க வேண்டும். ஒரு எண்ணைப் பிளப்பது முடியாத காரியம் என்றேன். இரண்டு எண்களுக்குப் பொதுவான வகுத்தி இருந்தால் அதை எடுப்பது மட்டும் குழந்தை விளையாட்டு. 391, 437 இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் 46. அந்த 46ஆல் 391ஐ வகுத்தால் மீதி 23. அந்த 23ஆல் 46ஐ வகுத்தால் மீதியில்லை. முடிந்தது. 23தான் பொது. இரண்டு எண்களும் ஒரேயடியாகத் திறந்துகொள்ளும்: 17 பெருக்கல் 23, 19 பெருக்கல் 23. எண்ணை அறுநூறு இலக்கங்களாக நீட்டினாலும் இதே வகுத்தல்தான், இதே மீதிதான்.

நிரலை எழுதி ஓடவிட்டேன். ஒழுங்காகப் பிறந்த எண்கள் என்றால் எந்த ஜோடிக்கும் விடை ஒன்று என்றே வர வேண்டும். ஒன்று, ஒன்று, ஒன்று என்று திரை ஓடியது. நான் சொன்னது பொய்யாகப் போக வேண்டும் என்று ஒரு மனம் வேண்டிக்கொண்டது. இல்லை என்று சொன்னால் அது பொய். இன்னொரு மனம் நேர்மாறாக வேண்டிக்கொண்டிருந்தது.

ஒன்று வர வேண்டிய இடத்தில் நான்கு வரிக்கு நீண்ட ஓர் எண் வந்தது.

இந்தப் பெட்டிகளைத் தவிர வேறு யாரும் அறியக் கூடாத ஒரு பகா எண் என் திரையில் கிடந்தது. அதனால் வகுத்தேன், மீதியில்லை. மற்றொன்றை வகுத்தேன், மீதியில்லை. இரண்டு பெட்டிகள் வாய் பிளந்து நின்றன. ஓடி முடிப்பதற்குள் இன்னொரு ஜோடியும் அகப்பட்டது.

சாரைக் கூப்பிட்டேன். நின்றபடியே பார்த்தார். கேள்வி வருமுன்பே, “வேற நிரல்லயும் போட்டுட்டேன் சார். பெருக்கியும் பார்த்துட்டேன். வந்துது” என்றேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “படி” என்றார். அந்தப் பகா எண்ணை நான் உரக்கப் படித்தேன். அவர் மும்மூன்றாகச் சரி பார்த்துக்கொண்டே வந்தார். வழக்கமாக அவர்தான் படிப்பார். அன்று என்னைப் படிக்க விட்டார்.

மறுநாள் கூட்டம். பாஸ்கர் வந்தார். மதகுகளுக்குப் பொறுப்பான செயற்பொறியாளர் முருகேசனும் வந்தார். கட்டான உடல், வெயிலில் கறுத்த முகம், மேசை மேல் இரண்டு கைகளையும் ஊன்றி உட்காரும் பழக்கம். சார் என்னைப் பேசச் சொன்னார்.

பாஸ்கர் கெட்டிக்காரர். கேட்டு முடித்ததும், “மொத்தம் நாலு பெட்டி. அந்த நாலையும் மாத்திக் குடுத்துடறோம். மத்ததுக்கு இன்னைக்கே கையெழுத்துப் போட்டுடுங்க” என்றார்.

“அந்த நாலு எண் கெட்டதுக்குக் காரணம் அந்த நாலு பெட்டி இல்ல சார். எல்லாப் பெட்டியும் ஒரே மாதிரிதான் கண் முழிக்குது. மத்தது தப்பிச்சிருக்கு, அவ்வளவுதான். நாளைக்கு ஒரு பெட்டி ரிப்பேராகி புது எண் எடுத்தா அது யாரோட ஜோடி சேரும்னு உங்களால சொல்ல முடியுமா? என்னால முடியாது.”

“மேடம், மழை வாசல்ல நிக்குது. நீங்க போடலேன்னா ராத்திரி பகல்னு ஆளுங்க சேத்துல ஓடிப்போய் கையால மதகுச் சக்கரம் சுத்தணும். வழுக்கி விழுந்தா யாரு பொறுப்பு? உலகத்துல யாரோ ஒருத்தன் உக்காந்து மீப்பெரு பொது வகுத்தி போடுவான்னு பயந்து இதை நிறுத்துறீங்க.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதுதான் கஷ்டம். முருகேசன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “எனக்குக் கணக்கு வேணாம்மா. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. வெளியாள் ஒருத்தன் என் மதகைத் திறக்க முடியுமா?”

எழுதிக் கொடுத்த பதிலைவிடக் கண்ணால் பார்ப்பது மேல் என்று அதற்கு முன்பே முடிவு செய்திருந்தேன். அகப்பட்ட நான்கில் ஒரு பெட்டியைப் பாஸ்கரையே கொண்டுவரச் சொல்லியிருந்தேன். அதை மேசை மேல் வைத்தேன். மதகுக்குப் பதிலாக ஒரு சின்ன மோட்டார் மாட்டியிருந்தது. பாஸ்கரின் ஆள் தன் கணினியிலிருந்து, கட்டுப்பாட்டு அறை செய்வதைப் போல, ரகசியச் சொல்லைப் பூட்டி அனுப்பினார். போகிற வழியில் அதை என் கணினி ஒரு பிரதி எடுத்துக்கொண்டது. என்னிடம் யாரும் எந்தச் சாவியும் தந்திருக்கவில்லை. என்னிடம் இருந்தது நானே வகுத்து எடுத்த இரண்டு பகா எண்கள். அவற்றைக் கொண்டு ரகசியச் சொல்லைத் திறந்து, எழுத்துப் பிசகாமல் திரையில் காட்டினேன். பிறகு அதே சொல்லோடு, ‘திற’ என்று ஒரு கட்டளை அனுப்பினேன்.

மோட்டார் சுற்றியது.

பாஸ்கரின் ஆள் தன் இரண்டு கைகளையும் விசைப்பலகையிலிருந்து எடுத்துக் காட்டினார், தான் தொடவில்லை என்பது போல. மோட்டார் முழுச் சுற்றும் சுற்றி முடித்து, பச்சை விளக்கு எரிந்து நின்றது.

முருகேசன் மெதுவாகச் சொன்னார்: “எங்க வீடு வேளச்சேரியில. ஒருவாட்டி தண்ணி வந்தப்போ எங்கம்மாவை நாற்காலியோட தூக்கிக்கிட்டு மாடியேறினேன். அது வானத்துலேர்ந்து வந்த தண்ணி, யாரையும் திட்ட முடியல. இது மாதிரி எவனோ பட்டனைத் தட்டி வந்துதுன்னா…” பாஸ்கர் பக்கம் திரும்பினார். “பெட்டி எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போங்க தம்பி. இந்த வருஷம் நாங்க சக்கரம் சுத்திக்கிறோம். நானும் கூட நின்னு சுத்துறேன். சரியாச் செஞ்சு கொண்டாங்க.”

பாஸ்கரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் எங்கள் மேல் புகார் எழுதுவார் என்று நினைத்தேன். எழுதவில்லை. போகும்போது என்னிடம் வந்து, “எங்க ஆளுங்களை உங்ககிட்ட அனுப்பறேன், உக்கார வச்சு சொல்லுவீங்களா?” என்று கேட்டார். இரண்டு வாரம் அவர்கள் எங்கள் ஆய்வகத்துக்கு வந்து போனார்கள். கடைசியில் வழி அவர்களே கண்டார்கள். பெட்டியில் நீர்மட்டம் அளக்கும் உணர்கருவி இருக்கிறது அல்லவா, அதன் கடைசி இலக்கங்கள் அலை அசைவில் ஓயாமல் நடுங்கிக்கொண்டிருக்கும். எந்த இரண்டு மதகிலும் தண்ணீர் ஒரே மாதிரி நடுங்குவதில்லை. போதிய அளவு நடுக்கத்தைச் சேர்த்துக்கொண்ட பிறகே பெட்டி பகா எண் தேடப் போக வேண்டும் என்று மாற்றினார்கள். ஏரிக்குப் போய் மாட்டிய பிறகுதான் எண் பிறக்கும் என்றும் ஆயிற்று.

அந்த மழைக்காலம் எனக்கு நிம்மதியாகப் போகவில்லை. மழை வலுக்கும்போதெல்லாம் ஈரத்தில் சக்கரம் சுற்றும் ஆட்களை நினைத்துக்கொள்வேன். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று பிறகு முருகேசன் சொல்லித்தான் மூச்சு விட்டேன்.

கோடையில் பெட்டிகள் புது எண்களோடு ஏரிகளில் உட்கார்ந்தன. எல்லா எண்களையும் வரவழைத்து மறுபடி இரண்டிரண்டாகப் போட்டேன். ஒன்று, ஒன்று, ஒன்று. கடைசி ஜோடி வரை ஒன்று. அதைப் போல மனம் நிறைந்த சலிப்பை நான் அனுபவித்ததில்லை. அறிக்கையை வரதராஜன் சாரிடம் கொண்டுபோனேன். அவர் கையெழுத்திடும் இடத்தைப் பார்த்துவிட்டு, பேனாவை என் பக்கம் நீட்டினார்.

“நீ போடு. நான் கீழ போட்டுக்கறேன்.”

அவரிடமிருந்து நான் வாங்கிய பாராட்டு அது ஒன்றுதான். வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பின் எத்தனையோ கருவிகள் வந்தன, போயின. புது முறை வருகிறது என்று நந்தினி சொன்னபோது எனக்கு வருத்தம் ஒன்றும் தோன்றவில்லை. பூட்டு எதுவானாலும், அது பிறக்கும் நொடியை யாராவது ஒருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த வேலையில் நந்தினி என்னைவிடப் பொல்லாதவள்.

புதுப் பெட்டிகள் மாட்டிய ஆண்டு, ஐப்பசி பிறந்து முதல் பெருமழை. காலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். தெருவில் கணுக்கால் தண்ணீர். தொலைபேசி அடித்தது. மறுமுனையில் மழைச் சத்தத்துக்கு மேலே முருகேசன் கத்தினார்.

“மேடம், மதகு திறந்துச்சு!”

“யார் திறந்தது?” என்றேன்.

“நாங்கதான் மேடம்! ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டே. நாங்க சொல்லித்தான் திறந்துச்சு.”